நாலு பக்கமும் தைத்த பை

பெயர் வாஷிங்டன். ஊர் மாண்டிவிடியோ.
அங்கே அப்படித்தான்,
பெரிய மனிதர்களின் பெயரைச் சுமந்துகொண்டு
சாதாரண மனிதர்கள்
பேருந்துக்கு நிற்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமைத் தெருச்சந்தையில்
இருநூறு பேசோவுக்கு ஒரு காற்சட்டை எடுத்தான்.
இடுப்பு சரி. நீளம் அதிகம்.
மடித்துத் தைக்கக் கடைக்காரி கேட்டது
முந்நூற்றைம்பது.
கணக்கு அங்கேதான் கிழிந்தது.

ஊசிப் பொட்டலம் ஒன்று, கறுப்பு நூல் ஒன்று.
கத்தரிக்கோல் வீட்டில் இருந்தது,
மீன் செதிலும் அட்டைப்பெட்டியும் வெட்டி
முனை மழுங்கியது.
அளவு நாடா இல்லை.
மகள் அயெலேனின் பள்ளி அளவுகோல்
பதினேழாம் சென்டிமீட்டரில் உடைந்திருந்தது;
பதினேழு பதினேழாகக் கூட்டிக்கொண்டான்.

அவர்கள் மொழியில் ஊசிக்குக் கண்.
நம் மொழியில் காது.
அன்றிரவு அதற்கு இரண்டுமே இல்லை.
நூலை நாக்கில் நனைத்து
சமையலறை விளக்கடியில் குனிந்து
பார், பார் என்று கெஞ்சினான்.
அருகில் இருந்திருந்தால்
கேள் என்று சொல்லிப்பார் என்றிருப்பேன்.
அதுவும் கேட்டிருக்காது.

ஒரு கால் நன்றாக வந்தது.
மறு கால் இரண்டு விரற்கடை குட்டை.
நீண்ட காலை பூட்ஸுக்குள் விட்டுக்கொண்டு
துறைமுகக் காவலுக்குப் போனான்.
ஜூலை மழை.
யார் யாருடைய காலைப் பார்ப்பார்கள்?

மூன்று ஞாயிறு கழித்து
கையால் சுற்றும் பழைய இயந்திரம் ஒன்று,
மேசை இல்லை, மூடி இல்லை, பாபின் இல்லை.
"ஓடுமா?"
"என்னைவிட நன்றாக ஓடும்"
என்றாள் ஊன்றுகோலை மடியில் கிடத்தியிருந்தவள்.
தொள்ளாயிரம் சொன்னாள்.
எழுநூறும்
பிரிக்காத மாத்தே இலைப் பொட்டலம் ஒன்றும் கொடுத்தான்.
பாபின் அடுத்த கடையின் தகரடப்பாவில் கிடைத்தது,
திருகாணிகள், ஒற்றைக் காதணி,
யாரோ கழற்றி மறந்த பொய்ப்பல்
இவற்றின் அடியில்.

முதலில் நூலில்லாமல் தைத்தான். காகிதத்தில்.
தண்ணீர் வரி ரசீது, மின் ரசீது,
கோடு போட்ட எதுவும்.
டக்டக்டக் என்று
கட்டவேண்டிய தொகையின் குறுக்கே
துளைகள் நடந்தன.
அயெலேன் ரசீதை ஜன்னலில் பிடித்துப் பார்த்துச் சொன்னாள்:
"அப்பா, ஆறாவது வரியில் தும்மியிருக்கிறாய்."

பிறகு நூல்.
மேல்நூல் இறுகினால் அடிநூல் சுருண்டது,
அடிநூல் சரியானால் மேல்நூல் அறுந்தது.
ஒரு வீட்டில் இருவர் பேசாமலிருந்த காலம் ஒன்று
அவனுக்கு நினைவுக்கு வந்தது.
எண்ணெய் விட்டான்.
திருகைக் கால் சுற்று தளர்த்தினான்.

நைந்த படுக்கைவிரிப்பை வெட்டி
முதன்முதலாக ஒரு பை.
நேர்த்தியான தையல், மூலைகூடத் திரும்பியிருந்தது.
நாலு பக்கமும் தைத்துவிட்டான்.

அயெலேன் அதைக் காதருகே வைத்துக் குலுக்கினாள்.
"உள்ளே என்ன?"
"ஒன்றுமில்லை."
"அப்படியானால் பத்திரமாகத்தான் இருக்கிறது"
என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்,
தரையில் உட்காரும்வரை.

பிரிக்க மனமில்லை.
சவரத்தகட்டால் ஒரு விரலளவு கீறி
ஓட்டைக் காலுறைகள் ஏழைத் திணித்து மூடினான்.
ஊசிகள் இப்போது அதில்தான் குடியிருக்கின்றன.

மார்ச்சில் பள்ளி திறந்தது.
வெள்ளை மேலங்கி போன வருடத்தையது.
விளிம்பைப் பிரித்து நீளம் விட்டான்.
பழைய மடிப்பின் கோடு
வினிகருக்கும் போகவில்லை, இஸ்திரிக்கும் போகவில்லை.
அவள் அதைப் பள்ளி வாசலில்
எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தாள்:
"போன வருடம் நான் இதுவரைக்கும்தான் இருந்தேன்."

காற்சட்டையின் மறு கால்
இன்னும் குட்டையாகவே இருக்கிறது.
நேரமில்லை.
மூன்றாம் மாடி ஒஸ்வால்டோ
ஒரு திரைச்சீலையைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்.
கூலி தருவாராம்.
எவ்வளவு என்று அவர் கேட்டபோது
வாஷிங்டன் நூல்கண்டை எடுத்து
எங்கோ போய்விட்ட நுனியைத்
தேடத் தொடங்கினான்.